பின்னறையில் தூங்குபவருக்கும் கேட்க வேண்டும்: இணைந்து ஒலிக்கும் புகை அலாரங்கள்

புகை அலாரம் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "தீ எங்கே பிடிக்கும்?" என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அடுக்களை என்று பதில் வரும். ஓர் அலாரத்தை வாங்கி அடுக்களை வாசலில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன். இரவு இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் யார் எந்த அறையில், எத்தனை கதவுகளுக்கு அப்பால் தூங்குகிறார்கள்? எந்த அலாரம், எத்தனை, எங்கே என்பதெல்லாம் இதற்கான பதிலைப் பொறுத்தது.

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள தாமான்களில் (குடியிருப்புப் பேட்டைகளில்) நம்மில் பலர் குடியிருக்கும் இரட்டை மாடித் தொடர்வீட்டை எடுத்துக்கொள்வோம். 22 அடி அகலம், 75 அடி நீளமுள்ள மனை. முன்னால் கார் நிறுத்துமிடம், அடுத்து கூடம், அதற்குப் பின் சாப்பாட்டு இடம், கடைசியில் பின்சந்துக்குப் பக்கமாக நீட்டிக் கட்டிய அடுக்களை. மாடியில் முன்பக்கம் பெரிய அறை, பின்பக்கம் பிள்ளைகளின் அறைகள். பாட்டிக்குப் படி ஏற முடியாது என்பதால் கீழே அவருக்கு ஓர் அறை. இரவில் குளிர்சாதனம் ஓடும் அறைகளின் கதவுகள் எல்லாம் மூடியிருக்கும். அடுக்களையில் குளிர்பெட்டியின் மின்கம்பி கருகத் தொடங்கினால், அந்தப் புகைக்கும் மாடி முன்னறையில் தூங்குபவருக்கும் இடையே ஒரு கான்கிரீட் தளம், ஒரு படிக்கட்டு, குறைந்தது இரண்டு கதவுகள்.

தூக்கத்தில் மூக்கு நம்மை எழுப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது எழுப்பாது. ஆழ்ந்து தூங்குபவர்கள் வாசனைக்கு விழிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காதுதான் இரவிலும் ஓரளவு வேலை செய்கிறது. ஆகவே சத்தம் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைக் கணக்கிட வேண்டும். வீட்டுக்கான சாதாரண அலாரம் 3 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 85 டெசிபல் சத்தம் எழுப்பும். தூரம் இரட்டிப்பானால், திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும். மூடிய கதவு ஒவ்வொன்றும் 10 முதல் 20 டெசிபல் வரை விழுங்கிவிடும். தூங்குபவரின் தலையணை அருகே 75 டெசிபலாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 என்ற தீ எச்சரிக்கை விதித்தொகுப்பின் கணக்கு. அடுக்களை அலாரத்தின் ஒலி மாடி அறைக்குள் போய்ச் சேரும்போது 50 டெசிபலைத் தொட்டாலே அதிகம். குளிர்சாதனத்தின் இரைச்சலோடு அது கலந்துவிடும்.

"அப்படியானால் கதவைத் திறந்து வைத்துத் தூங்கலாமே?" என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். மூடிய கதவு தீயையும் நச்சுப் புகையையும் அறைக்குள் விடாமல் பல நிமிடங்கள் தடுத்து நிறுத்தும் என்பது தீயணைப்பு வீரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. மூடிய கதவு உயிர் காக்கிறது. அதே கதவு எச்சரிக்கை ஒலியையும் தடுக்கிறது. இந்த முரணைத் தீர்க்கத்தான் இணைந்து ஒலிக்கும் அலாரங்கள் இருக்கின்றன. அடுக்களையில் ஓர் அலாரம் ஆபத்தைக் கண்டதும் மற்ற எல்லா அலாரங்களுக்கும் செய்தி போகும். பாட்டி அறையில், படிக்கட்டு மேலே, பிள்ளைகள் அறையில் இருப்பவை யாவும் ஒரே சமயத்தில் அலறும். ஒலி கதவைத் தாண்டி வர வேண்டியதில்லை. கதவுக்கு உள்ளேயே, தலைக்கு மேலேயே பிறக்கிறது.

கிடைக்கும் நேரம் குறைவு என்பதால் இது வெறும் வசதி அல்ல. அமெரிக்காவின் யூஎல் ஆய்வு நிறுவனம் இரண்டு வரவேற்பறைகளை எரித்து ஒப்பிட்டுப் பார்த்தது. பழைய பாணி மரமும் பருத்தியும் நிறைந்த அறை முழுவதும் தீப்பற்ற 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. இன்றைய நுரைமெத்தை, செயற்கை இழைத் திரைச்சீலை, பிளாஸ்டிக் நிறைந்த அறைக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை. நம் கூடங்களில் இருக்கும் சோபாக்கள் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. அடுக்களை அலாரம் ஒலிப்பதற்கும் மாடியில் இருப்பவர் அதை உணர்வதற்கும் இடையே இரண்டு நிமிடம் வீணானால், படிக்கட்டு வழியே இறங்கும் வாய்ப்பே போய்விடலாம்.

இதைச் சட்டமாக்கிய இடங்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் எல்லா வீடுகளிலும் அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் படிப்படியாகக் கொண்டுவந்த விதி 2027 ஜனவரி 1 அன்று அங்குள்ள எல்லா வீடுகளையும் எட்டும். பக்கத்துச் சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் புகை அலாரம் கட்டாயம். மலேசியாவில் பெரும்பாலான வீடுகளில் நாமாகவே முன்வந்து வாங்கினால்தான் உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்கள், நடைபாதையில் தொங்கும் தீ மணி தங்களுக்குப் போதும் என்று எண்ண வேண்டாம். அது கட்டடத்துக்கான ஏற்பாடு. உங்கள் படுக்கையறையில் மின்னேற்றிக் கொண்டிருக்கும் பேட்டரி புகையத் தொடங்கியது அதற்குத் தெரியப் போவதில்லை.

இனி, இணைப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது கம்பி வழி. ஒவ்வோர் அலாரத்துக்கும் வீட்டின் 230 வோல்ட் மின்சாரமும், அதோடு செய்தி செல்ல ஒரு தனிக் கம்பியும் போகும். மின்சாரம் தடைப்பட்டால் உள்ளிருக்கும் பேட்டரி பொறுப்பேற்றுக்கொள்ளும். நம்பகமான முறை இது. ஆனால் கட்டி முடித்த வீட்டில் சுவரையும் மேற்கூரையையும் குடைய வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். வீட்டைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது, வயரிங் எப்படியும் மாற்றப்படுகிறது என்றால் தயங்காமல் இதையே செய்துவிடுங்கள்.

இரண்டாவது ரேடியோ அலை வழி. ஒவ்வோர் அலாரத்துக்குள்ளும் சிறிய ரேடியோ ஒன்று இருக்கிறது. கம்பி வேண்டாம், இணையம் வேண்டாம், பேட்டரியில் இயங்கும். பத்தாண்டு தாங்கும் மூடிய லித்தியம் பேட்டரியோடு வருபவை இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கு இதுவே பொருத்தம்.

மூன்றாவது வைஃபை வழி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வைஃபை அலாரம் என்று விற்கப்படும் பலவும் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவதோடு சரி. பக்கத்து அறை அலாரத்தை ஒலிக்கச் செய்யாது. நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டில் புகை என்று தெரிந்துகொள்ள அது உதவும். இரவு இரண்டு மணிக்கு, சத்தம் அணைத்து வைத்த கைப்பேசியில் வந்து விழும் செய்தி யாரையும் எழுப்பாது. தீயால் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடும். கைப்பேசிச் செய்தியைக் கூடுதல் பயனாக வைத்துக்கொள்ளலாம். அலாரங்கள் ஒன்றோடொன்று பேசுவது இணையத்தை நம்பி இருக்கக் கூடாது.

தொலைவில் இருக்கும் அறைகளுக்கு ரேடியோ வகை வாங்கும்போது ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருந்தால் அது திறந்தவெளித் தூரம். வீட்டுக்குள் இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட் தளம், செங்கல் சுவர், ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி, கூரை ஓட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்க விரித்த அலுமினியத் தாள் ஆகியவை எல்லாம் அலையை உறிஞ்சும் அல்லது திருப்பி அடிக்கும். அடுக்களையிலிருந்து மாடி முன்னறைக்கு நேர்க்கோட்டில் 15 மீட்டர்தான் என்றாலும், செய்தி போய்ச் சேராமல் இருக்கலாம்.

இதற்குத் தீர்வு, செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும் வகை. சில அலாரங்கள் செய்தியைக் கேட்டால் தாம் ஒலிப்பதோடு நின்றுவிடும். வேறு சில, கேட்ட செய்தியைத் தாமே மீண்டும் ஒலிபரப்பும். இவற்றை மெஷ் வகை என்கிறார்கள். அடுக்களை அலாரத்தின் குரல் முன்னறைக்கு எட்டாவிட்டாலும், படிக்கட்டின் மேலே இருக்கும் அலாரம் அதைக் கேட்டு முன்னறைக்குச் சொல்லிவிடும். தூர அறைகளுக்கு வாங்குபவர் முதலில் தேட வேண்டிய தன்மை இதுதான். விலையைவிட, வடிவத்தைவிட, கைப்பேசிச் செயலியைவிட இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் தயாரிப்பாளரின் கையேட்டைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பினாங்கு ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த அந்த வட்டாரத்தில், லிட்டில் இந்தியாவைச் சுற்றி, கீழே மளிகையோ துணியோ விற்றுக்கொண்டு மேலே குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அஞ்சடியை, அதாவது கடைமுன் உள்ள நடைபாதையை, தாண்டி உள்ளே நுழைந்தால் வீடு குறுகலாக, ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம். அதற்கும் பின்னால் அடுக்களை. மேல்மாடித் தரை மரப்பலகை. கீழே எழும் புகை பலகை இடுக்குகள் வழியே மேலே கசியும். முற்றத்துக்கு வந்த புகையோ வானத்தை நோக்கிப் போய்விடும். முற்றத்தை ஒட்டி ஓர் அலாரம் மாட்டினால் அது தாமதமாக விழித்துக்கொள்ளலாம். முற்றத்துக்கு முன்னால் இருக்கும் பகுதியையும் பின்னால் இருக்கும் பகுதியையும் இரண்டு தனி வீடுகளைப் போல நினைத்து, இரண்டிலும் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று வைப்பதே சரி. கடை பூட்டியிருக்கும் இரவு நேரத்தில் கீழே யாரும் இல்லை என்பதால், கடைக்குள் இருக்கும் அலாரம் மேலே இருப்பவர்களின் காதுக்காகவே அங்கே இருக்கிறது. இணைப்பு இல்லாவிட்டால் அது காலியான கடைக்குத்தான் கத்திக்கொண்டிருக்கும்.

அடுத்து, அலாரம் புகையை எப்படி அறிகிறது என்பது. ஒளிமின் வகை அலாரத்தின் உள்ளே ஓர் இருட்டறை. அதில் ஒரு மெல்லிய ஒளிக்கதிர் பாய்ந்துகொண்டிருக்கும். ஒளியை உணரும் கண் அந்தக் கதிரின் பாதையை விட்டுத் தள்ளி ஒரு பக்கமாக இருக்கும். சாதாரண நேரத்தில் அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டு இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மின்னுவது போல, புகைத்துகள் உள்ளே வந்ததும் ஒளி சிதறிக் கண்ணில் படும், அலாரம் ஒலிக்கும். மெத்தை, மின்கம்பி, சோபா போன்றவை கொழுந்து விடாமல் புகைந்து கொண்டிருக்கும் நிலையை இது விரைவாகக் கண்டுபிடிக்கும். தூங்கும் வீட்டில் அஞ்ச வேண்டியது பெரும்பாலும் அந்தப் புகைச்சலைத்தான். இன்னொன்று அயனி வகை. அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு அதில் இருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயை அது சற்று முன்னதாக உணரும். சமையல் ஆவிக்கும் எளிதில் அலறும். வீட்டுக்கு ஒளிமின் வகையை வாங்குங்கள்.

அடுக்களைக்குள் மட்டும் புகை அலாரம் வேண்டாம். சம்பாலுக்கு மிளகாய் வதக்கும்போது ஆறு அறைகளிலும் ஒரே நேரத்தில் அலாரம் அலறினால், இரண்டாவது வாரமே யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். இணைந்த அலாரங்களின் பலவீனம் இது: ஒரு பொய் எச்சரிக்கை முழு வீட்டையும் தொல்லைப்படுத்தும். அடுக்களைக்கு வெப்ப அலாரம் இருக்கிறது. புகையைக் கண்டுகொள்ளாமல், வெப்பம் 58 பாகை செல்சியஸ் அளவை எட்டும்போது ஒலிக்கும். அதையும் மற்றவற்றோடு இணைக்கலாம். சாமி அறைக்கும் இதே யோசனைதான். அகல்விளக்கும் கற்பூரமும் உள்ள இடத்துக்குக் காவல் கட்டாயம் வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி போடும்போதெல்லாம் வீடு அலறக் கூடாது. உள்ளே வெப்ப அலாரம், சில மீட்டர் தள்ளிக் கூடத்தில் புகை அலாரம் என்று வைத்தால் இரண்டும் நிறைவேறும்.

டெங்கிக்காக நகராண்மைக் கழகத்தினர் கொசுப்புகை அடிக்க வரும் நாளில் எந்தப் புகை அலாரமும் ஒலிக்கத்தான் செய்யும். அதற்குமுன் அலாரங்களை உறையால் மூடி வையுங்கள்; முடிந்ததும் உறையை எடுப்பது ஒருவரின் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பொய் எச்சரிக்கையைச் சில நிமிடம் அடக்கும் பொத்தான் உள்ள கருவியாகப் பார்த்து வாங்குவதும் நல்லது.

எங்கே மாட்டுவது? மேற்கூரையில், சுவரிலிருந்து 30 செண்டிமீட்டராவது தள்ளி. நம் வீடுகளில் எல்லா அறையிலும் மின்விசிறி சுழல்வதால், அதன் இறக்கை நுனியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும். காற்று புகையை விரட்டிவிடும். குளிர்சாதனக் காற்று நேராக வீசும் இடமும், குளியலறைக் கதவுக்கு முன்னால் நீராவி படும் இடமும் வேண்டாம்.

எத்தனை வாங்குவது என்பதற்கு என் கருத்தைச் சொல்கிறேன். இணைப்பு இல்லாத ஆறு அலாரங்களைவிட இணைந்த மூன்று அலாரங்கள் மேல். இரட்டை மாடி வீட்டில் கையில் மூன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அடுக்களையில் வெப்ப அலாரம், கீழ்க்கூடத்தில் ஒன்று, மாடிப்படி ஏறி முடியும் இடத்தில் ஒன்று. பிறகு வாங்கும் ஒவ்வொன்றும் ஒரு படுக்கையறைக்குள் போகட்டும். முதலில் யாருடைய அறைக்கு? எளிதில் விழிக்காதவரின் அறைக்கு. சாதாரண அலாரத்தின் கீச்சொலி 3,000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். முதியவர்கள் கேட்கும் திறனை முதலில் இழப்பது இத்தகைய உயர்ந்த ஒலிகளில்தான். சிறுவர்களும் அந்தச் சத்தத்தில் அசையாமல் தூங்குவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி எழுப்பும் வகை இவர்களை மேலும் நன்றாக எழுப்பும். காது மிகவும் மந்தமானவர்களுக்குத் தலையணைக்கு அடியில் வைக்கும் அதிரும் தட்டு, மின்னி மின்னி எரியும் விளக்கு ஆகியவற்றை இணைத்துக்கொள்ளும் அலாரங்களும் உண்டு.

வாங்கும்போது ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். ஷோப்பி, லசாடா போன்ற இணையக் கடைகளில் "வயர்லெஸ்" என்று போட்டிருக்கும் மலிவான அலாரம், பேட்டரியில் இயங்குகிறது என்பதை மட்டுமே அப்படிச் சொல்லியிருக்கலாம். ஒன்றோடொன்று இணையும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பாவின் இஎன் 14604, அமெரிக்காவின் யூஎல் 217, ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 3786 ஆகிய தரங்களில் ஒன்றாவது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரேடியோ உள்ள கருவி என்பதால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் (எம்சிஎம்சி) சான்று முத்திரையும் இருக்க வேண்டும். அமெரிக்க உறவினர் வாங்கி அனுப்பும் கம்பி வகை 120 வோல்ட்டுக்கானது, இங்கே பொருந்தாது. ரேடியோ வகையின் அலைவரிசையும் நாட்டுக்கு நாடு மாறும். எல்லாவற்றையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையில் வாங்குங்கள்; வெவ்வேறு தயாரிப்புகள் பொதுவாக ஒன்றோடொன்று பேசுவதில்லை. எரிவாயுத் தோம்பு கசிந்தால் புகை அலாரத்துக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தனிக் கருவி உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அதைத் தரைக்கு அருகில் மாட்ட வேண்டும்.

எல்லாம் ஒலிக்கும்போது தீ எந்த அறையில் என்று எப்படித் தெரியும்? நல்ல கருவிகளில், முதலில் புகையைக் கண்ட அலாரத்தின் விளக்கு மட்டும் வேறு விதமாக மின்னும். சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் மற்றவை அடங்கி அது மட்டும் ஒலிக்கும். படிக்கட்டு வழியே இறங்கலாமா, அறையிலேயே கதவை அடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் நிற்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க இது தேவைப்படும்.

மாட்டிய பின் சோதனையை வெறும் பொத்தான் அழுத்தலோடு முடித்துவிடாதீர்கள். இரவு தூங்கப் போகும் நேரத்தில், குளிர்சாதனத்தைப் போட்டு, எல்லாக் கதவுகளையும் வழக்கம்போல மூடச் சொல்லுங்கள். ஒவ்வோர் அறையிலும் ஒருவர் படுத்துக்கொள்ளட்டும். நீங்கள் கீழே போய் அடுக்களை அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ரேடியோ வகையில் மற்றவை எழச் சில வினாடிகள் ஆகலாம்; பொறுத்திருங்கள். பிறகு மேலே போய், "சத்தம் கேட்டதா?" என்று கேட்காமல், "தூக்கத்தில் எழுந்திருப்பாயா?" என்று கேளுங்கள். அடுத்து மாடியில் கடைசி அறை அலாரத்தை அழுத்தி, அடுக்களை அலாரம் ஒலிக்கிறதா என்று எதிர்த் திசையிலும் பாருங்கள். ஒரு திசையில் போகும் செய்தி மறு திசையில் போகாமல் இருப்பதுண்டு. எந்த அலாரமாவது மௌனமாக இருந்தால் அதை இரண்டு மூன்று அடி நகர்த்திப் பாருங்கள், அல்லது இடையில் கைமாற்றும் அலாரம் ஒன்றைச் சேருங்கள்.

அதே இரவில் இரும்புக் கதவையும் சோதியுங்கள். 2017 செப்டம்பர் 14 அதிகாலை, கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் தங்குமிடத்தில் மூண்ட தீயில் 23 பேர் மாண்டார்கள். சன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. பிள்ளைகள் உள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். நம் வீடுகளிலும் திருடருக்குப் பயந்து கதவிலும் சன்னலிலும் கம்பி அடித்து, பூட்டும் போட்டு வைத்திருக்கிறோம். சாவி அப்பாவின் கால்சட்டைப் பையில் இருந்தால் அலாரம் எழுப்பி என்ன பயன்? வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளிருப்பவர் இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய ஓர் இடத்தில் சாவி தொங்க வேண்டும். மாடி அறைகளில் ஒரு சன்னல் கம்பியாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். வெளியே வந்ததும் எதிர்வீட்டு வாசல் என்பது போல ஓரிடத்தில் எல்லாரும் கூட வேண்டும். 999ஐ அழைப்பது அங்கிருந்துதான்.

மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்துங்கள். மென்மையான தூரிகையால் தூசியையும் சிலந்தி வலையையும் எடுங்கள். சிறு பூச்சி உள்ளே புகுந்தாலும் அலாரம் அதைப் புகை என்றே எண்ணும். நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சிட்டால் பேட்டரி தீர்கிறது. புகை அலாரத்தின் ஆயுள் பத்தாண்டு. தயாரித்த தேதி பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து, மாற்ற வேண்டிய ஆண்டை அலாரத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். வாங்கும்போதே அதே வகையில் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. நான்கு ஆண்டு கழித்து ஒன்று பழுதாகும்போது அந்த வரிசை கடைகளில் இல்லாமல் போயிருந்தால், மற்றவற்றோடு பேசக்கூடிய அலாரம் வேறெங்கும் கிடைக்காது.